டிக்கெட் மலிவு, வழிச்செலவு கனம்: சென்னையில் பிள்ளைகளின் விடுமுறை இடங்கள், ஒரு மதிப்பீடு

முதலிடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு. கடைசி இடம் மால்களில் இருக்கும் விளையாட்டுக் கூடங்களுக்கு. நடுவே அண்ணா நூலகம், பிர்லா கோளரங்கம், பாம்புப் பண்ணை, கலங்கரை விளக்கம், ரயில் அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், வண்டலூர் உயிரியல் பூங்கா.

மதிப்பெண் போட்டது டிக்கெட் விலையை வைத்து அல்ல. வண்டலூர் போன்ற ஒன்றிரண்டை விட்டுவிட்டால், அரசு நடத்தும் இடங்களில் நுழைவுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. பணம் கரைவது வேறு மூன்று வழிகளில். ஒன்று ஆட்டோ. இரண்டு, பசி வந்த பிறகு தேடிப்போகும் ஓட்டல். மூன்றாவது யாரும் கணக்கில் சேர்க்காதது: போன இடம் பூட்டியிருக்க, முகம் வாடிய பிள்ளைகளைச் சமாதானப்படுத்த "சரி வா, மாலுக்குப் போவோம்" என்று வண்டியைத் திருப்புவது. ஒரு நாள் செலவில் பெரும்பங்கு இந்த மூன்றாவதில்தான் போகும். அதனால் எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும், எந்த ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம், எத்தனை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பவற்றைத்தான் இங்கே அதிகம் பார்த்திருக்கிறோம்.

கிழமையிலிருந்தே தொடங்கலாம். திங்கள் மூடியிருப்பவை: மெரினா கலங்கரை விளக்கம், விவேகானந்தர் இல்லம், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்து ரயில் அருங்காட்சியகம், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை. செவ்வாய் மூடியிருப்பவை: கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர், முட்டுக்காடு தட்சிணசித்ரா என்ற மரபுக் கிராமம். வெள்ளி மூடியிருப்பவை: எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டை அருங்காட்சியகம். ஆக, செவ்வாய்க்கிழமை என்றால் எழும்பூர், வெள்ளிக்கிழமை என்றால் கிண்டி. இதைக் காலண்டரில் குறித்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி போன்ற நாள்களில் எழும்பூர் பக்கம் போக வேண்டாம். வண்டலூரில் மட்டும் விடுமுறைக் கூட்டத்தைப் பார்த்து சில சமயம் செவ்வாயும் திறந்திருக்கும் என்று அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள்; போன வருஷம் திறந்தார்கள் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள்.

அடுத்தது வெயில். மே மாதம் கத்திரியில் சென்னையை ஆள்வது மேல்காற்றா கடற்காற்றா என்பதுதான் கேள்வி. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அதுவரை வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கடற்காற்று சீக்கிரம் புகுந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இது. அதனால் கோடையில் முழுநாள் திட்டமே போடாதீர்கள். காலை 9 முதல் 12:30 வரை ஒரு வேளை, அல்லது மாலை 4-க்கு மேல் ஒரு வேளை. இரண்டையும் ஒரே நாளில் இணைக்க வேண்டுமென்றால் நடுப்பகலுக்கு ஏ.சி. உள்ள இலவச இடம் ஒன்று தேவை. சென்னையில் அந்த வேலையைச் சரியாகச் செய்வது அண்ணா நூற்றாண்டு நூலகம். வெளிப்புற இடங்கள் எல்லாம் அரையாண்டு விடுமுறைக்கு. காலாண்டு விடுமுறையில் திடீர் மழை உண்டு, குடை மறக்காதீர்கள்.

எழும்பூர்

ஏன் முதலிடம் என்றால், புறநகர் ரயில், மெட்ரோ, பேருந்து மூன்றும் எழும்பூரில் இறக்கிவிடும். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். தாம்பரத்திலிருந்து ஓர் அம்மாவும் 7, 11 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புறநகர் ரயிலில் அம்மாவுக்கு 10 ரூபாய், 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட் என்பதால் பிள்ளைகளுக்கு தலா 5. போகவர மூன்று பேருக்கும் 40 ரூபாய். இதே தூரத்துக்கு ஆட்டோ என்றால் ஒரு வழிக்கே சில நூறு ரூபாய். வேறு எந்தச் சலுகைச் சீட்டும் இந்த அளவுக்கு மிச்சம் பிடித்துத் தராது.

1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம். ஒரே வளாகத்தில் ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஐந்தாவது கூடத்தில் சின்னவன் தரையில் உட்கார்ந்துவிடுவான். "எப்பம்மா வீட்டுக்குப் போலாம்" ஆரம்பமாகிவிடும். ஒரு தடவைக்கு மூன்று கூடம் போதும். மற்றவை அடுத்த விடுமுறைக்கும் அங்கேயேதான் இருக்கும். பராமரிப்புக்காகச் சில கூடங்களை அவ்வப்போது மூடிவைப்பார்கள் என்பதால், டிக்கெட் வாங்கும்போதே இன்று எவை திறந்திருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம். கைபேசியில் படமெடுக்க என்ன விதி என்பதையும் அங்கேயே கேட்டுவிட்டால் உள்ளே வாக்குவாதம் இருக்காது.

எந்த மூன்று? விலங்கியல் பகுதியில் திமிங்கல எலும்புக்கூடு. எந்த வயதுப் பிள்ளையும் வாயைப் பிளந்து நிற்கும் இடம் அது. அடுத்து செப்புத் திருமேனிகள் கூடம். மூன்றாவது தொல்லியல். பல்லாவரம், தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கொக்கி இருக்கிறது: 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் சேர்த்துவைத்தவை 1904-இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. "நம்ம ஊர்ல கிடைச்ச கல்லு" என்று சொன்னால்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்ப்பார்கள். இல்லாவிட்டால் அது அவர்களுக்கு வெறும் கல். ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் இங்கே உண்டு.

கூடத்துக்குள் பிள்ளைகளை நிறுத்திவைக்க மலிவான வழி தேடல் தாள். ஏ4 தாளை நான்காக மடியுங்கள். கட்டத்துக்கு ஒரு கேள்வி, பதிலாக ஒரு சிறு படம். செப்புத் திருமேனிக் கூடத்துக்கு இப்படிக் கேட்கலாம்: நடராசருக்கு எத்தனை கை? உடுக்கை எந்தக் கையில், நெருப்பு எந்தக் கையில்? காலடியில் கிடப்பவன் எந்தப் பக்கம் தலைவைத்திருக்கிறான்? நெருப்பு வளையமான திருவாசி இல்லாத நடராசர் எது? கடைசிக் கேள்விக்குப் பதில் தேடினால் திருவாலங்காட்டு நடராசரிடம் போய் நிற்பார்கள். உலகம் முழுக்கப் பேர்போன அந்தச் சிலை வளையம் இல்லாமலேயே நிற்கிறது. பாதி ஆண் பாதி பெண்ணான திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இன்னொரு நல்ல கேள்வி: எந்தப் பக்கத்தில் எந்த நகை? பேனா வேண்டாம், பென்சில் கொடுங்கள். கேள்வி எட்டுக்கு மேல் போனால் பரீட்சை ஆகிவிடும்.

குறை? பல கூடங்களில் மின்விசிறிதான். நடுப்பகலில் புழுக்கம் அதிகம். விளக்கப் பலகைகளில் எழுத்து பெரியவர்களின் கண் உயரத்துக்கு; சிறுவர்களுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். காலை 9:30-க்குத் திறந்ததும் நுழைந்து 12 மணிக்கு வெளியே வந்துவிட்டால் இரண்டு குறையும் பெரிதாகத் தெரியாது. 8 வயதுக்குக் கீழே என்றால் அதே வளாகத்துச் சிறுவர் அருங்காட்சியகத்தில் முடியுங்கள். 12 வயதுக்கு மேலே என்றால் பக்கத்திலேயே 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தை எட்டிப் பார்க்கலாம்.

கோட்டூர்புரமும் கிண்டியும்

இரண்டாம் இடம் ஒரு தனி இடத்துக்கு அல்ல, ஒரு சாலைக்கு. காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அதையடுத்து பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், அதற்குள் பிர்லா கோளரங்கம். சாலையின் மறுமுனை சர்தார் பட்டேல் சாலையில் சேரும் இடத்தில் காந்தி மண்டபம், அதை ஒட்டி கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. பறக்கும் ரயிலில் வருபவர்கள் கோட்டூர்புரத்தில் இறங்கி நூலகத்துக்கு நடக்கலாம். தாம்பரம் பக்கத்திலிருந்து வந்தால் கிண்டியில் இறங்கி அடையாறு போகும் பேருந்தில் காந்தி மண்டபம் நிறுத்தம்.

வரிசை முக்கியம். வெயில் ஏறுமுன் பாம்புப் பண்ணை, நடுப்பகலில் நூலகம், பிற்பகலில் கோளரங்கம். பலர் இதைத் தலைகீழாகப் போடுவார்கள்: காலையில் ஏ.சி. நூலகம், 2 மணிக்குப் பாம்புப் பண்ணை. அந்த நேரத்தில் பாம்பும் சுருண்டு கிடக்கும், பிள்ளைகளும் சுருண்டுவிடுவார்கள்.

பாம்புப் பண்ணை சின்ன இடம். ஒரு மணி நேரத்தில் முடியும். அதுவே அதன் பலம். ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. கிண்டியில் 1972 முதல் இருக்கிறது. இங்கே ஒரே ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் மனத்தில் பதியவைத்தால் போதும்: நம் நாட்டில் அதிக உயிர்ச்சேதத்துக்குக் காரணமான நான்கு பாம்புகள் எவை? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கையும் அடையாளம் காட்டச் சொல்லுங்கள். சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஊருக்குப் போகும்போது உதவும். பக்கத்துச் சிறுவர் பூங்காவுக்குத் தனி டிக்கெட். ஒரு டிக்கெட்டில் இரண்டும் என்று நினைத்து வந்து வாசலில் முனகுபவர்கள் நிறைய.

நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2010 செப்டம்பரில் திறந்தது. சிறுவர் பிரிவு முதல் தளத்தில், 15,000 சதுர அடியில், நடுவே செயற்கை மரத்தோடு. படப்புத்தகத்திலிருந்து பெரிய பிள்ளைகளுக்கான கலைக்களஞ்சியம் வரை உண்டு. தமிழ்ப் புத்தகத்தை வீட்டில் தொடாத பிள்ளை இங்கே பக்கத்துப் பிள்ளை கையில் பார்த்துவிட்டு எடுப்பது உண்டு. எந்த முகாமிலும் காசு கொடுத்து வாங்க முடியாத பழக்கம் அது. கவனிக்க வேண்டியது: பைகளைக் கீழே ஒப்படைக்கச் சொல்வார்கள். பென்சில், நோட்டு, தண்ணீர் எடுத்துப்போக ஒரு கைப்பை தனியாக வைத்திருங்கள். வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. மற்ற தளங்களில் அவற்றோடு நுழைய முடியாது. ஏ.சி. சில்லென்று இருக்கும். வியர்வையோடு வரும் சின்னப் பிள்ளைக்கு உலர்ந்த சட்டை ஒன்று மாற்றிவிடுங்கள். சாப்பாட்டை உள்ளே பிரிக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு நுழைவதே நல்லது.

கோளரங்கத்தில் தவறு நடப்பது ஒரே இடத்தில்: மொழி. தமிழ்க் காட்சி, ஆங்கிலக் காட்சி இரண்டும் தனித்தனி நேரத்தில் நடக்கும். நேரம் பார்க்காமல் வந்து கிடைத்த காட்சியில் உட்கார்ந்துவிட்டு, "ஒண்ணும் புரியல" என்று பிள்ளை சொன்ன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. நூலகத்துக்குள் போகுமுன்பே பெரியவர் ஒருவர் டிக்கெட் கவுன்டருக்கு நடந்து அடுத்த தமிழ்க் காட்சி எப்போது என்று கேட்டுவர வேண்டும். விளக்கணைத்த பிறகு உள்ளே விடமாட்டார்கள். 15 நிமிடம் முன்னதாகவே வரிசையில் நிற்கவும். முழு இருட்டு என்பதால் 4 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அழக்கூடும். கதவோரத்து இருக்கை உங்களுக்கு. காட்சிக்கு முன்போ பின்போ அறிவியல் மையத்தைச் சுற்றலாம். கையால் இயக்கிப் பார்க்கும் கருவிகளில் ஒன்றிரண்டு ஓய்வெடுப்பது எந்த ஊர் அறிவியல் மையத்திலும் சகஜம். ஓடுகிறவற்றிடம் நேரத்தைச் செலவிடுங்கள்.

6 முதல் 12 வயது வரை, ஒரே நாளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வேறுபட்ட மூன்று இடங்களைத் தரும் இன்னொரு வட்டாரம் நகரத்துக்குள் இல்லை.

மெரினா

மாலை வேளைக்கான இடம். ஆனால் மணலில் இறங்குமுன் இரண்டு உள்ளிடங்கள் உண்டு. விவேகானந்தர் இல்லத்தைப் பிள்ளைகளிடம் ஐஸ் ஹவுஸ் என்றே அறிமுகப்படுத்துங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. அவ்வளவு தூரம் வந்தும் ஏன் உருகித் தீரவில்லை? மரத்தூள் போர்த்திய பெரிய பாளங்கள் மெல்லத்தான் உருகும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு, ஒன்றைத் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றி, மற்றதைத் திறந்து வைத்து எது முதலில் கரைகிறது என்று நேரம் குறிக்கச் சொல்லுங்கள். செலவு பூஜ்யம், ஒரு மதியம் ஓடிவிடும். 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் இங்கேதான். உள்ளே கண்காட்சி அதைப் பற்றியது.

1977-இல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருப்பதால் பாட்டி, தாத்தாவும் வரலாம். காலையிலும் மாலையிலும் திறப்பார்கள், நடுவே உணவு இடைவேளை. மாலையில் மூடும் நேரம் சீக்கிரம். சூரியன் சாய்ந்த பிறகு போகலாம் என்று நினைத்தால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். மாலை திறந்ததும் முதல் ஆளாக மேலே ஏறி, இறங்கி மணலுக்குப் போங்கள். பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் என்றே ஸ்டேஷன் இருக்கிறது.

கடலில் இறங்க விடாதீர்கள். மெரினாவில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் பெரியவர்களே நிலைதடுமாறுவார்கள். நீச்சல் தெரியும் என்பது இங்கே செல்லாது. மணலில் பள்ளம் தோண்ட ஒரு பழைய கரண்டியும் டப்பாவும் போதும். குதிரை, ராட்டினம், பலூன் சுடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு தொகையைக் கிளம்பும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். காசு தன் கையில் இருந்தால் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டியாகப் பேரம் பேசுவார்கள். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் அந்தக் கணக்கில் சேராது.

மற்றவை, சுருக்கமாக

கோட்டை அருங்காட்சியகம் 10 வயதுக்கு மேலே. தொல்லியல் துறை இடம் என்பதால் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடி இங்கே பத்திரமாக இருக்கிறது, அதற்காகவே போகலாம். மற்றபடி பீங்கான் தட்டும் ஆளுநர் படங்களும் சின்னப் பிள்ளைகளுக்குச் சலிப்பு. தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம். வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும்.

ரயில் அருங்காட்சியகம் 4 முதல் 9 வயதுக்கு. 2002-இல் திறந்தது. பழைய பெட்டிகள், இன்ஜின்கள், உட்கார்ந்து சுற்ற ஒரு பொம்மை ரயில். பெரும்பகுதி திறந்தவெளி. நடுப்பகலில் இரும்பு கொதிக்கும். ஏறிப் பார்க்கும் ஆசையில் கைப்பிடியைத் தொட்டால் சுட்டுவிடும். 3:30-க்கு மேல் போங்கள். முதலில் பொம்மை ரயில் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டுவிட்டு மற்றதைச் சுற்றுங்கள், அதைத் தவறவிட்டால் வீடு வரை அழுகைதான்.

வண்டலூர் பற்றி நல்லதும் கெட்டதும் அதன் அளவுதான்: 602 ஹெக்டேர். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சிறிதாகத் தொடங்கி, சென்ட்ரல் பக்கம் மாறி, 1985-இல் வண்டலூரில் திறந்த பூங்கா. சங்கிலி இப்படி இருப்பதால் எழும்பூருக்குப் போன பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ரசிப்பார்கள். ஆனால் மே மாதத்தில் போகாதீர்கள். 10:30-க்கு மேல் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துவிடும். பெரியவர் டிக்கெட், பேட்டரி வண்டி, சஃபாரி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு வெறும் புதரைப் பார்த்துத் திரும்புவீர்கள். டிசம்பரில், ஸ்டேஷனில் இறங்கி 9 மணிக்கே வாசலில் நின்றால் இதே பூங்கா வேறு மாதிரி இருக்கும். முதலில் பெரிய விலங்குகள், வெயில் ஏறியபின் பறவைகள், இரவு விலங்குகள். பிளாஸ்டிக் விஷயத்தில் கறார். எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். காணும் பொங்கலன்று இங்கேயும் கிண்டியிலும் மெரினாவிலும் ஊரே கூடும். அன்று வீடே நல்லது.

கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா 20 ஏக்கர் பச்சை. மாலை நடைக்குச் சரி, தனியாக ஒரு நாளைக்குத் தாங்காது. எதிரே இருக்கும் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் நுழைவு தனி, ஜிப்லைன் தனி, பறவைக்கூண்டு தனி. வாசலில் விலைப்பட்டியலை முழுதாகப் படித்து, எதற்கு ஆம் எதற்கு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். தீவுத்திடல் பொருட்காட்சிக்கும் இதே விதி: நுழைவு சில்லறை, ராட்டினம்தான் செலவு.

மால் விளையாட்டுக் கூடங்கள் ஏன் கடைசி? கார்டில் குறைந்தபட்சத் தொகை ஏற்ற வேண்டும், மீதி பெரும்பாலும் திரும்ப வராது, சாக்ஸ் இல்லையென்றால் அங்கேயே வாங்க வேண்டும், ஒரு ஆட்டம் சில நிமிடம். மழை கொட்டும் நாளில் வேறு வழியில்லை என்றால் போங்கள். சாக்ஸை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். மணிக்கணக்குக் கட்டணம் உள்ள கூடம், ஆட்டக்கணக்குக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும்.

முகாம்களில் எதைக் கேட்பது

இரு பெற்றோரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஊர்சுற்றல் மட்டும் போதாது. தினமும் போகும் ஓரிடம் வேண்டும். தனியார் கோடை முகாம்கள் ஆயிரக்கணக்கில் கேட்கின்றன. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி, மே வாக்கில் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம்: தடகளம், கூடைப்பந்து, கைப்பந்து போன்றவற்றுக்கு அரசுப் பயிற்சியாளர்கள். அறிவிப்பு வந்த சில நாள்களில் பதிவு முடிந்துவிடும் என்பதால் ஏப்ரல் நடுவிலிருந்தே அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவாருங்கள். பயிற்சி அதிகாலையில் தொடங்கும்; 10 மணி வரை தூங்கும் பிள்ளையைச் சேர்த்துவிட்டு மூன்றாம் நாள் நிறுத்துவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம்: 5 முதல் 16 வயது வரை, பாட்டு, பரதம், ஓவியம், கைவினை, குறைந்த கட்டணம். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் என்பதால் விடுமுறை முடிந்தும் தொடரலாம். அதுதான் இதன் லாபம்.

நீச்சல் கற்க மாநகராட்சிக் குளங்களும் வேளச்சேரி நீச்சல் வளாகமும் உள்ளன. கற்றுக்கொள்ளக் குறைந்தது மூன்று வாரம் தொடர்ச்சியாக வேண்டும். நடுவே ஒரு வாரம் ஊருக்குப் போனால் தண்ணீர் பயம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஊர்ப்பயணத்தை முன்னாலேயோ பின்னாலேயோ தள்ளுங்கள். பருத்தி உடைக்கு அனுமதி கிடைக்காது, நைலான் நீச்சலுடையும் தொப்பியும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளித்தபின் நல்ல தண்ணீரில் தலையை அலசாவிட்டால் குளோரினால் முடி வறண்டுபோகும்.

தனியார் முகாம்தான் என்றால், பணம் கட்டுமுன் ஐந்து கேள்வி: சொன்ன தொகைக்குள் பொருள்களின் விலை அடக்கமா, "கிட்" என்று தனியாகவா? ஜி.எஸ்.டி. சேர்த்தா? எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள்? இரண்டாம் நாள் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும்? கழிப்பறை எங்கே? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல இழுத்தால் அதோடு கிளம்பிவிடுங்கள். முதல் நாள் இலவசமாக உட்காரவைத்துப் பார்க்க மறுக்கும் இடத்தையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கையில் எடுத்துப்போக

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாட்டில் நீர்மோர் பொதுவாக. தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துப்போவது சென்னைக் கோடையில் வழக்கமான தொல்லை. சாதத்தைக் குழைத்து, ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள்; சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். புளி சாதம் இன்னும் பத்திரம். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும். மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவிவிடுங்கள். உருளைக்கிழங்கு வறுவல் கொடுத்தால் தாகம்தான் ஏறும், தண்ணீர்க் கணக்கு தவறிவிடும். வெள்ளரிக்காய் நறுக்கிப் போடுங்கள்.

பேருந்தில் அம்மாவும் பெண் பிள்ளைகளும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். முன்பகுதியில் பிங்க் நிறம் பூசியவற்றைப் பாருங்கள். சொகுசுப் பேருந்தில் அது செல்லாது, ஏறிய பிறகு தெரிந்து இறங்குவதைவிட ஏறுமுன் பலகையைப் பார்ப்பது மேல். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த அரசுப் பேருந்திலும் டிக்கெட் வேண்டாம். மெட்ரோவில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்ப்பார்கள்: 90 செ.மீ.க்குக் கீழே இலவசம். நான்கு வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட பிள்ளை என்றால் வீட்டுக் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.